கோட்டைத் தாண்டிய நிறம்

எழும்பூர் முதல் ஈஞ்சம்பாக்கம் வரை: சென்னை ஓவியத்தின் கதை – 17

காட்டாங்குளத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆவணியில் ஒரு புதுமனைப் புகுவிழா. பால் காய்ச்சி முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல் அறை அறையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சட்டம் போட்ட ஒரு படம். மேலே மாம்பழ மஞ்சள். கீழே மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நீலம். இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்தில் வெள்ளை. அவ்வளவுதான்.

செய்யூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வீட்டுக்காரரின் பெரியப்பா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "ஏம்ப்பா, பெயின்டர் சாம்பிள் அடிச்சுப் பார்த்ததையா சட்டம் போட்டு மாட்டியிருக்க?" என்றார். கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் கேக்கறேன். இது யாரு போட்டது? இதுல என்ன இருக்கு?"

பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்ததெல்லாம் கோட்டின் கதை. தனபாலின் கோடு, சந்தானராஜின் கோடு, பணிக்கரின் கோடு. சென்னைப் பாணி என்றாலே விமர்சகர்கள் முதலில் சொல்வது கோட்டைத்தான். கோலம் போடும் ஊரில், ஓலையில் எழுத்தாணி ஓடிய ஊரில் அது வியப்பும் இல்லை. இங்கே நிறம் என்பது நெடுங்காலம் கோடு வரைந்து வைத்த வேலிக்குள் மேய்ந்த மாடு. அந்த மாடு வேலியைத் தாண்டியது எப்போது, எந்த வழியாக?

நியூயார்க்கில் ஒரு தரை

முதலில் கொஞ்சம் வெளியூர் போய் வரலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நியூயார்க்கில் சில ஓவியர்கள் படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினார்கள். ஆள் போனான், மரம் போனது, மேசை போனது. கடைசியில் நிறம் மட்டும் மிஞ்சியது. 1948-இல் பார்னெட் நியூமன் செம்பழுப்புத் திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரே ஒரு பட்டையை இழுத்துவிட்டு, படம் முடிந்தது என்றார். மார்க் ராத்கோ, ஓரம் கரைந்த நிறப் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கவிட்டார். 1952-இல் ஹெலன் ஃபிராங்கன்தாலர் பூச்சு ஏற்றாத வெறுந்துணியைத் தரையில் விரித்து, நீர்த்த வண்ணத்தை அதன்மேல் ஊற்றினார். வண்ணம் துணியின்மேல் உட்காரவில்லை, சாயம்போல் உள்ளே இறங்கியது. இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து விமர்சகர்கள் வைத்த பெயர் 'கலர் ஃபீல்டு'. தமிழில் நிறப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம்.

1963-இல் ஜோசஃப் ஆல்பர்ஸ் நிறங்களின் உறவைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதன் வண்ணப் பக்கங்கள் பட்டுத்திரை அச்சில் செய்யப்பட்டவை. ஒரே நிறத்தை இரண்டு வேறு நிறங்களின் நடுவே வைத்தால் அது இரண்டு நிறமாகத் தெரியும் என்பது அவர் காட்டிய பாடங்களில் ஒன்று. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. உடல் அதே அரக்குதான், பார்டர் பச்சையாக இருந்தால் ஒரு சேலை, மஞ்சளாக இருந்தால் வேறு சேலை. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் மூன்று நாடா ஓட்டிக் கோர்வையாக நெய்கிற நெசவாளருக்கு ஆல்பர்ஸ் சொல்லித் தர வேண்டியதில்லை. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த நீலம், 'எம்.எஸ். நீலம்' என்று அவர் பெயரையே பெற்றுவிட்டது. ஒரு நிறத்துக்கு ஆளின் பெயர் வைக்கிற அளவுக்கு நிறத்தைத் தனியாகப் பார்க்கத் தெரிந்த ஊர் இது. ஆனால் அந்தப் பார்வை சேலையில் இருந்தது, ஓவியத்தில் இல்லை.

1967, டெல்லி

1967-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 'அமெரிக்க ஓவியத்தின் இருபது ஆண்டுகள்' என்ற கண்காட்சியை ஜப்பான் வழியாக டெல்லிக்கு அனுப்பியது. நிறப்பரப்பு ஓவியர்களுக்காக வாதாடிய விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் உடன் வந்தார். அதுவரை சஞ்சிகைகளில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்திருந்த படங்களை இந்திய ஓவியர்கள் சுவர் அகலத்துக்குப் பார்த்தார்கள். நிறப்பரப்பு ஓவியத்தில் அளவும் ஒரு பொருள். உள்ளங்கையில் இருக்கும்போது அது வெறும் வடிவமைப்பு. ஆளைவிடப் பெரிதாகும்போதுதான் நிறம் நம்மைச் சூழ்கிறது.

அதற்கு முன்பே வழி தேடியவர்களும் உண்டு. வி.எஸ். கெய்தொண்டே 1964-இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போய்த் தங்கினார். ரோலரும் வண்ணக் கத்தியும் கொண்டு நிறத்தை ஏற்றியும் சுரண்டியும் அவர் செய்த படங்கள் பிற்பாடு பெரும் விலை போயின. 2013 டிசம்பரில் மும்பை ஏலத்தில் ஒரு படம் 23.7 கோடி ரூபாய்க்குப் போனபோது நாளிதழ்கள் முதல் பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தன. அதற்குள் அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டெல்லியில் இன்னொருவர், நம்மவர் என்று உரிமை கொண்டாடத்தக்கவர், ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் 1928-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அறுபதுகளின் நடுவில் அவர் செய்த வரிசைக்கு 'வெளியின் வண்ண வடிவியல்' என்று பொருள்படும் பெயர். தட்டையான, தெளிந்த நிறங்கள். சிறுமலை, பறவை, முக்கோணம். மேற்கைப் பின்பற்றுகிறோம் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. பஹாரிச் சிற்றோவியத்தில் சிவப்பும் மஞ்சளும் நிழல் இல்லாமல் தட்டையாக நிற்பதைச் சுட்டிக்காட்டி, நிறத்தைத் தனியாக நிறுத்த நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற பக்கத்தில் நின்றார்.

மெழுகும் எந்திரமும்

இனி நம்மூருக்கு வருவோம். 1963-இல், ஆல்பர்ஸின் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில், சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டதிலிருந்து பிறந்தது அந்த வரிசை என்பதை முன்பே பார்த்தோம். அந்தப் படங்களில் நாம் எழுத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். ஓலையின் மஞ்சள், மண்ணின் காவி, பாசியின் பச்சை. வாசிக்க முடியாத எழுத்து நகர்ந்துகொண்டால் பின்னால் ஒரு நிறப்பரப்பு தயாராக இருக்கிறது. பணிக்கர் நகர்த்தவில்லை. மாணவர்கள் நகர்த்தினார்கள்.

1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானபோது நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பாட்டிக் துணி விற்ற காசு. துணியில் உருக்கிய மெழுகைத் தடவி, சாயத்தில் முக்கி, மெழுகு படாத இடத்தில் மட்டும் நிறம் ஏறவிடும் வேலை. ஒரு நிறத்துக்கு ஒரு முக்கு. மறுநிறம் வேண்டுமானால் மறுபடி மெழுகு, மறுபடி முக்கு. ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த கைத்தொழில்தான். ஆனாலும் நாள் முழுக்க நிறம் துணிக்குள் இறங்குவதைப் பார்த்த கண், மாலையில் ஓவியத் திரைக்கு முன்னால் வந்து நின்றபோது அதை மறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கிராமத்தின் தொடக்கக்காரர்களில் ஒருவர் வி. விஸ்வநாதன். கொல்லத்தில் 1940-இல் பிறந்து, எழும்பூர் ஓவியக் கல்லூரியில் பணிக்கரிடம் படித்தவர். முக்கோணம், சதுரம், வட்டம் என வழிபாட்டு எந்திரங்களின் வடிவங்களைக் கையில் எடுத்தார். 1968-இல் பாரிஸ் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். போகப் போக அவர் படங்களில் எந்திரத்தின் கோடுகள் மெலிந்தன. கோடு நின்ற இடத்தில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் விளிம்பு வந்தது. அவருக்கு முன் 1967-இல் பாரிஸ் போன அக்கித்தம் நாராயணனும் இதே கல்லூரி, இதே வடிவியல். கே.வி. ஹரிதாசன் இங்கிருந்தபடியே எந்திரங்களுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்றினார்.

இந்த வழியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் நிறம் விடுதலை பெற்றபோது கோட்டை வீட்டை விட்டுத் துரத்தியது. இங்கே துரத்தவில்லை. கோடு நிறத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தது.

ஆதிமூலத்தின் கறுப்பு

அதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கே.எம். ஆதிமூலத்திடம் போக வேண்டும். துறையூரை அடுத்த கீரம்பூரில் 1938-இல் பிறந்தவர். தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யைப் படித்தவர்கள் அந்தக் கோடுகளையும் சேர்த்தே படித்தார்கள். சிற்றிதழ் அட்டைகளிலும் புத்தக முகப்புகளிலும் நவீன ஓவியத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் அவர். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு நூறு கோட்டோவியங்கள் வரைந்தார். அதன் பிறகு மகுடம் கனத்துப் பொலிவிழந்த அரசர்கள் வந்தார்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் வெள்ளை.

இப்படிப்பட்டவர் எண்பதுகளில் கோட்டை வைத்துவிட்டு நிறத்துக்குள் போனார். ஆள் இல்லை, மகுடம் இல்லை. திரை முழுக்க ஒரு நீலம் அல்லது ஒரு காவி, அதன் நடுவே கீறி எழும் வெளிச்சம். பலர் குழம்பினார்கள். இவ்வளவு நல்ல கோட்டை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று கேட்டார்கள். அந்த வண்ணப் படங்களின் முன் பொறுமையாக நின்றால் விடை கிடைக்கும். நிறப் பாளம் ஒவ்வொன்றும் கையின் ஒரே வீச்சில் வந்தது. காந்தியின் முதுகை ஒரே இழுப்பில் வளைத்த அதே மணிக்கட்டு. முன்பு மை ஓடிய வழியில் இப்போது வண்ணம் ஓடுகிறது. 2008 ஜனவரியில் அவர் மறைந்தபோது அஞ்சலி எழுதிய பத்திரிகைகள் பெரும்பாலும் கோட்டோவியங்களையே அச்சிட்டன. செய்தித்தாளில் நிறப்பரப்பு அச்சாவது கடினம் என்பதும் ஒரு காரணம்.

ஆதிமூலத்தின் எதிர்த்திசையிலிருந்து வந்தவர் அச்சுதன் கூடல்லூர். நிளா நதிக்கரைக் கூடல்லூரில் 1945-இல் பிறந்து, எழுத்தாளராக ஆசைப்பட்டு, கட்டடப் பொறியாளராகச் சென்னைக்கு வந்து, மாலை நேர ஓவிய வகுப்பில் தூரிகையைப் பிடித்தவர். கல்லூரிப் படிப்பில் கோட்டுப் பயிற்சியில் ஊறியவர் அல்லர் என்பதாலோ என்னவோ, அவருக்கு நிறம் முதலிலேயே வசப்பட்டது. அவர் சிவப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1988-இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்றார். 2022 ஜூலையில் சென்னையில் காலமானார்.

ஒரு நிறத்துக்கு ஒரு கல்

பெரியப்பா கேட்ட படம் ஓவியம் அல்ல, அச்சு. அச்சின் கதையைச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முடியாது.

அச்சு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிவகாசி. தீப்பெட்டி லேபிள், பட்டாசு உறை, காலண்டர் முருகன். 'லித்தோ' என்ற சொல் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்தது அந்த வழியாகத்தான். 1796-இல் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கரியால் வரைய வேண்டும். கல்லை ஈரமாக்கி மையுருளையை ஓட்டினால், வரைந்த இடம் மையைப் பிடிக்கும், ஈரமுள்ள இடம் தள்ளும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதற்கு மேல் அதில் மர்மம் இல்லை. ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூஜையறைக்கு வந்தது இந்தக் கற்களின் மேலிருந்துதான்.

அதில் ஒரு தொல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மி பிசகாமல் படுத்து எழ வேண்டும். கூடுதலாக ஒரு நிறம் வேண்டுமென்றால் கூடுதலாக ஒரு நாள். ஓவியன் தூரிகையைக் கழுவிவிட்டு அடுத்த நிறத்தைத் தொடலாம். அச்சாளன் அப்படித் தொட முடியாது. இந்த நிறம் கட்டாயம் வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் தன்னையே கேட்டாக வேண்டும். குறைவாகச் சொல்லும் கலைக்கும் அச்சுக்கும் இவ்வளவு நெருக்கம் வந்ததற்கு இந்தச் சிக்கனம் முக்கியக் காரணம். பார்னெட் நியூமனே 1963, 1964 ஆண்டுகளில் லித்தோ கல்லுக்கு வந்து 18 அச்சுகள் செய்தார். ஆக்னஸ் மார்ட்டின் 1973-இல் வெறும் சாம்பல் கட்டங்களை மட்டும் வைத்து 30 பட்டுத்திரை அச்சுகள் வெளியிட்டார். அலிகாரில் கணிதம் படித்த ஜரீனா, பிறந்த வீட்டின் வரைபடத்தையும் நாட்டைப் பிரித்த எல்லையையும் மரக்கட்டையில் செதுக்கி, கறுப்பு மையில் சில கோடுகளாக ஆக்கினார்.

இந்தச் சிக்கனத்தை உடைத்துப் பார்த்தவரும் நம் பக்கத்துக்காரர். சித்தூர் அருகே பிறந்த கிருஷ்ண ரெட்டி, சாந்திநிகேதனில் படித்துவிட்டு 1947 முதல் 1949 வரை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தார். பிறகு பாரிஸில் ஹேய்டரின் அச்சுப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே சக கலைஞர்களோடு அவர் வளர்த்தெடுத்த முறையை நம் சமையலறை மொழியில் சொல்லலாம். மையில் ஆளி விதை எண்ணெயைக் கூட்டிக் குறைத்து ஒன்றை நீர்த்த மோர்போலவும் மற்றொன்றைக் கெட்டித் தயிர்போலவும் ஆக்கிக்கொள்வது. தகட்டை வெவ்வேறு ஆழத்துக்கு அரித்து வைப்பது. கடின உருளை மேட்டில் மட்டும் மை பூசும், மென்மையான உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். நீர்த்த மையின் மேல் கெட்டி மை ஒட்டாது. ஆக, ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல நிறம். 2018-இல் நியூயார்க்கில் அவர் மறையும்வரை உலகம் முழுதும் மாணவர்கள் இந்த முறையை அவரிடமிருந்து கற்றார்கள்.

சென்னையில் அச்சுக்கு ஆசானாக நின்றவர்களில் முக்கியமானவர் ஆர்.பி. பாஸ்கரன். அவர் வரைந்த பூனைகளைத் தெரியாதவர் இல்லை. எழும்பூர்க் கல்லூரியில் அச்சுக்கலைக்கு ஒரு மரியாதை வந்ததில் அவர் பங்கு பெரிது. 1978-இல் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் வந்ததும், சொந்தமாக அச்சு இயந்திரம் வாங்க வசதியில்லாத இளம் கலைஞர்களுக்குக் கல்லும் தகடும் உருளையும் ஓரிடத்தில் கிடைத்தன.

அந்த மையத்தைப் பின்னாளில் நிர்வகித்த ஆர்.எம். பழனியப்பனோடு சென்னை அச்சு தனக்கென ஓர் இடத்தை அடைந்தது. தேவகோட்டையில் 1957-இல் பிறந்தவர். விமானம், வரைபடம், எண், கணக்கு ஆகியவை அவர் உலகம். 1991-இல் ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் உள்ள டாமரிண்ட் லித்தோ பட்டறைக்குப் போய்ப் பயின்றார். அவர் அச்சுகளில் பரந்த வெற்றுத் தாளின் மேல் ஒரு கோடு விமானம் போன தடம்போல் வளைந்து போகும். அது எந்தப் பொருளின் விளிம்பும் இல்லை. கடந்துபோன நேரத்தின் தடம். பணிக்கரின் கணக்கு நோட்டு இங்கே வேறு தலைமுறையில் திறக்கிறது. எழுத்து நகர்ந்து, வெளி மிஞ்சி, அந்த வெளியில் கோடு மட்டும் தனியாகப் பறக்கிறது.

பெரியப்பாவுக்கு

இப்போது காட்டாங்குளத்தூர்ச் சுவருக்குத் திரும்புவோம். பெரியப்பா, அந்தப் படத்தை யாரும் கையால் போடவில்லை. கணினியில் வடிவமைத்து, மை பீய்ச்சும் இயந்திரத்தில் அடித்து, அட்டைக்குழாயில் சுருட்டி அனுப்பியது. வீட்டுக்கு அழகு சேர்த்தால் நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் பாட்டன்மார்கள் வேறு சாதி. கல்லில் குனிந்து, மெழுகில் கை சுட்டுக்கொண்டு, கறுப்பை இருபது வருடம் வரைந்த பிறகே நிறத்தைத் தொட்டவர்கள்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கலைஞர் செய்த அச்சின் அடி ஓரத்தைப் பாருங்கள். பென்சிலில் கையெழுத்து இருக்கும். பக்கத்தில் 7/25 என்பதுபோல் ஒரு எண். மொத்தம் 25 பிரதி, இது ஏழாவது என்று பொருள். 25 முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்கள், அல்லது தகட்டின் குறுக்கே கீறிவிடுவார்கள். ஆகவே 25-இல் ஒவ்வொன்றும் மூலம்தான். நகல் என்று எதுவும் கிடையாது. தகட்டில் எடுத்த அச்சில், தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தகடு அழுந்திய பள்ளம் ஓரத்தில் கோடாகத் தெரியும்.

"இதுல என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. நியூயார்க்கைப் பார்த்துச் சென்னை செய்த நகல் என்று இந்தப் படங்களை ஒதுக்குபவர்கள் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. சென்னையின் நிறப்பரப்பு, கோட்டிடம் நாற்பது வருடம் வேலை கற்று, பிறகு தனிக்குடித்தனம் போன பிள்ளை. நடையில் இன்னும் தகப்பன் தெரிகிறான்.

காட்டாங்குளத்தூர்வாசிகளுக்கு இரண்டு வழி இருக்கிறது. செங்கல்பட்டு–கடற்கரை மின்ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கினால் 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கல்லூரி பக்கத்தில்தான். கிரீம்ஸ் சாலை அங்கிருந்து ஆட்டோ தூரம். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்பவர்கள் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே போய், கோவளத்தில் கடலைப் பார்த்து, வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டுக்கு அப்பால் ஈஞ்சம்பாக்கம் வரும். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இந்த அத்தியாயத்தில் வந்தவர்களில் பலர் சுவரில் இருக்கிறார்கள். பெரியவர்களையும் கூட்டிப்போங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

(அடுத்த இதழில்: பி.வி. ஜானகிராமும் உலோகத் தகட்டில் எழுந்த சிற்பங்களும்)